சர்ச் வாசல் சோதனை

"இன்னிக்கு ஒரு நாளாவது வாயை மூடிட்டு இரு, முர்டோ," என்றாள் மனைவி நெட்டா. "லாக்லன் வர்றாராம்."

முர்டோவின் கண் அதற்குள் யாரோ ஒருவருடைய முழங்காலுக்குப் போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச் வாசலில் நின்று வருகிறவர்களைக் கைகுலுக்கி வரவேற்பது சபை மூப்பரான அவருடைய வேலை. குலுக்குகிற நேரத்துக்குள் ஆளை அளந்துவிடுவார். ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் கட்டுகிற கட்டம் போட்ட பாவாடையான கில்ட்டின் விளிம்பு முழங்காலின் நடுவில் நிற்க வேண்டும். கொசுவம் பின்னால் இருக்க வேண்டும். சர்ச்சுக்கு என்றால் ட்வீட் கோட்டு, இடுப்பில் சாதாரணத் தோல் பை. ரோமப் பையும் வெள்ளிப் பட்டன் வைத்த கறுப்புக் கோட்டும் ராத்திரி விருந்துக்கு. இதில் ஒன்று பிசகினாலும் போச்சு.

போன மாதம் எடின்பரோவிலிருந்து போதகரின் மைத்துனர் வெள்ளிப் பட்டன் பளபளக்க வந்து இறங்கினார். "விருந்து எந்த ஹால்ல?" என்று கேட்டுவிட்டார் முர்டோ. அந்த மனிதர் அதற்கப்புறம் இந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

நெட்டாவின் பயமே அதுதான். லாக்லனின் வலது கையைப் பக்கவாதம் வாங்கிவிட்டிருந்தது. மனைவி பெத் இருந்தவரை அவள்தான் அவருக்குக் கில்ட் கட்டிவிடுவாள். குளிர்காலத்தில் அவளும் போய்ச் சேர்ந்தாள். அதிலிருந்து லாக்லன் சர்ச் பக்கமே வரவில்லை.

பேன்ட் போட்டுக்கொண்டு வரலாமே என்று போதகர் சொல்லிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை பேன்ட்டோடு கர்த்தர் முன்னால் போய் நிற்க மாட்டேன் என்றுவிட்டார் லாக்லன். உடுத்திவிட வருகிறோம் என்ற பக்கத்து வீட்டுக்காரர்களிடம், தான் ஒன்றும் தொட்டில் குழந்தை இல்லை என்று கதவைச் சாத்தினார். அப்படிப்பட்டவர் இன்றைக்குத் தானாகக் கிளம்பி வருகிறார். வாசலில் ஒரு வார்த்தை சுருக்கென்று தைத்தால் போதும், இனி ஜென்மத்துக்கும் வர மாட்டார்.

வந்தார்.

கில்ட் திருகிக்கொண்டு, பின்னால் இருக்க வேண்டிய கொசுவம் பக்கவாட்டுக்கு வந்திருந்தது. மாட்ட முடியாத வார் இடுப்பில் தொங்கியது. அதற்குப் பதில் ஒரு பெரிய ஊக்கு. ஒரு காலுறை கணுக்காலில் சுருண்டு கிடந்தது. தோல் பையை ஒற்றைக் கையால் கட்ட முடியவில்லை போலிருக்கிறது, சங்கிலியில் கோத்த ரோமப் பை முன்னால் ஆடிக்கொண்டிருந்தது.

வாசலில் நின்றவர்கள் எல்லோரும் நல்லவர்கள். ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. மழை வருமா என்று வானத்தைப் பார்த்தார்கள். அவர்களில் ஐலீன் மட்டும் பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் பேசுகிற குரலில், "ரொம்ப அழகா இருக்கு, லாக்லன்," என்றாள்.

லாக்லனின் தலை தொங்கிப்போயிற்று. வந்த வழியே திரும்ப ஒரு காலை எடுத்தும் வைத்துவிட்டார்.

முர்டோ குறுக்கே போய் நின்றார்.

"என்னய்யா இது? டான்ஸ் நேத்து ராத்திரியே முடிஞ்சு போச்சே."

நெட்டா அவர் முழங்கையைக் கிள்ளினாள். அவரா அசைவார்?

"பின்னால இருக்க வேண்டியது பக்கத்துல இருக்கு. மேல இருக்க வேண்டியது கீழ கிடக்கு. எவன் கட்டிவிட்டது இதை?"

லாக்லன் தலையைத் தூக்கினார். கண்ணில் பழைய கோபம் வந்திருந்தது.

"நான்தான் கட்டினேன். ஒத்தைக் கையால. நீ கட்டிப் பாரு, அப்பத் தெரியும்."

"நான் ரெண்டு கையால கட்டியே நிக்க மாட்டேங்குதே," என்றார் முர்டோ. இப்போது குரல் இறங்கியிருந்தது. பக்கத்தில் நின்ற நெட்டாவுக்கே காதைத் தீட்ட வேண்டியிருந்தது.

"விரலெல்லாம் வாதம். வார் பக்கிளைப் பிடிக்க முடியல. இத்தனை நாளா நெட்டாதான் மாட்டிவிட்டா. இனிமே முடியாதுன்னுட்டா. இப்பக்கூட நழுவிட்டே இருக்கு, பாட்டு நடுவுல கீழ விழுந்தா என் மானம் என்ன ஆகிறது? பின்னறைக்கு வா. எனக்கு நீ பிடி, உனக்கு நான் பிடிக்கிறேன். வாராவாரம் கொஞ்சம் முன்னாலயே வந்துடு."

லாக்லன் முர்டோவின் விரல்களைப் பார்த்தார். முர்டோ அவசரமாக அவற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். லாக்லன் அப்புறம் நெட்டா பக்கம் திரும்பினார். அவர் மெதுவாகப் பேசத் தெரியாதவர். வாசல் முழுக்கக் கேட்டது.

"ஏன் நெட்டா, கட்டின புருஷனுக்கு ஒரு பக்கிள் மாட்டிவிட உனக்கு வலிக்குதா? எங்க பெத் ஒரு நாள் முகம் சுளிச்சிருப்பாளா?"

எல்லோரும் திரும்பி நெட்டாவைப் பார்த்தார்கள். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. சொல்வதற்கு வாயைத் திறந்தவள், முர்டோவின் முகத்தைப் பார்த்தாள். ஊரையே மிரட்டுகிற அந்த மனிதர் அவளிடம் கண்ணால் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"ஆமா, வலிக்குதுதான்," என்றாள் நெட்டா. "ஞாயித்துக்கிழமையும் எனக்கு வேற வேலை இல்லையா? ரெண்டு பேரும் போய்க் கட்டிக்குங்க."

"நடய்யா, நேரமாச்சு," என்று முர்டோவின் முதுகில் ஒரு தட்டுத் தட்டி லாக்லன் முன்னால் நடந்தார்.

நெட்டா போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து வாயில் ஒரு பெப்பர்மின்ட்டைப் போட்டுக்கொண்டாள். பின் வரிசையில் ஐலீன், இப்படியும் ஒரு பெண்டாட்டியா என்று யாரிடமோ கிசுகிசுத்தாள். நெட்டா திரும்பவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து முர்டோ தன் கில்ட்டின் வாரை அவளை ஒரு முறைகூடத் தொடவிட்டதில்லை.