மரத்துப்போக ஐந்து நிமிடம்

நான் வாயைத் திறந்தேன். சோணையம்மாளின் தோல் வீணாய்ப்போனது.

மிகைப்படுத்தவில்லை. ஆய்வகத்தில் எனக்கு உதவியாளர் வேலை. மூடி திறந்திருந்த டியூப்பின் மேல் குனிந்து, “இது எங்க ஊரு டவுன் பஸ் மாதிரி அனிதா. இருக்குன்னு சொல்லுவாக, கண்ணுல படாது” என்றேன். சொல்லிவிட்டு நானே சிரித்தேன். என் நகைச்சுவைக்கு வழக்கமாகச் சிரிக்கும் ஒரே ஆள் நான்தான்.

டியூப்பில் இருந்தது சோணையம்மாளின் தோலிலிருந்து பிரித்தெடுத்த ஆர்.என்.ஏ. தோலுக்கு நிறம் கொடுக்கும் மரபணு அந்த இடத்தில் வேலை செய்கிறதா, படுத்துவிட்டதா என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும். துளி எச்சில் தெறித்தால் போதும், சிதைந்துவிடும்.

மறுநாள் சோதித்தபோது, இரண்டு தெளிவான கோடுகள் தெரியவேண்டிய இடத்தில் சிந்திய மோர் மாதிரி ஓர் இழுவல்.

மரிய அனிதாவின் மூன்று வருட ஆராய்ச்சி அது. அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு எதையாவது உளறித் தப்பித்திருப்பேன்.

ஆகவே 1997-இல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சோணையம்மாள் கல்லலிலிருந்து மறுபடியும் காரைக்குடிக்கு வந்தார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெள்ளை படர்ந்திருந்த கையை மேசைமேல் நீட்டினார். போன தடவை எடுத்தது அளவு பத்தவில்லை என்று மட்டும்தான் அவரிடம் சொல்லியிருந்தோம்.

டாக்டர் ஊசி போட்டார். “மரத்துப்போக அஞ்சு நிமிசம்” என்று கடிகாரத்தைப் பார்த்தார்.

தோல் கொடுக்கச் சம்மதித்தவர்கள் மொத்தமே ஆறு பேர். இவர் எழுந்து போய்விட்டால் ஐந்து. ஐந்தை வைத்து அனிதாவால் எதையும் நிரூபிக்க முடியாது.

ஒரு நிமிடம் பேசாமல் இருந்தேன். எனக்கு அது சாதனை.

இரண்டாவது நிமிடத்தில் தாங்கவில்லை. “அக்கா, அளவு பத்தாமப் போகலை. நான்தான் வாயடிச்சுக் கெடுத்துட்டேன்.”

அனிதாவின் பேனா பாதி எழுத்தில் நின்றது. டாக்டர் என்னை ஒரு நோயாளியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

சோணையம்மாள் தன் கையைப் பார்த்தார். முன்பு வெட்டிய இடத்தில் சின்ன வட்டத் தழும்பு.

“அப்ப ஊசிய ஒங்க வாய்க்குல்ல போட்டிருக்கணும், தம்பி.”

யாரும் சிரிக்கவில்லை. கை மேசையிலேயே இருந்தது. எந்த நொடியும் அது பின்னால் போய்விடும் என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எந்திரிச்சுப் போயிருவீகன்னு நெனச்சேன்.”

“போயி? வீட்டுல என்ன, இப்பிடி ஃபேனா சுத்துது?”

“இதனால ஒங்களுக்கு நெறம் திரும்பாதுக்கா.”

“அன்னைக்கே சொன்னீகளே. படிச்சுப் பாத்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.”

“பெறகு எதுக்கு ரெண்டாந்தடவையும் வந்தீக?”

“சந்தையில புளி வாங்கணும்.”

டாக்டர் ஊசி முனையால் தோலைத் தொட்டார். “தெரியுதா?”

சோணையம்மாள் இல்லையென்று தலையாட்டினார். வட்டக் கத்தி உறையிலிருந்து வெளியே வந்தது.

புளியைப் பற்றி என்னிடம் ஒரு நகைச்சுவை தயாராக இருந்தது. விழுங்கினேன்.

“எதுக்குக்கா வந்தீக?”

இந்த முறை அவர் கத்தியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“எம்மகளுக்குத் தல பின்னையில பாத்தேன், தம்பி. பிடரில, மொளகுத் தண்டி வெள்ளை. அவ இன்னும் பாக்கலை.”