ஒட்டும் கை

ஒரு கல்லீரலில் இருந்த ஒரு செல்லுக்குள் ஒரு நொதி வாழ்ந்தது. செல்லின் டி.என்.ஏ. இழை எங்கே அறுந்தாலும் ஓடிப்போய் ஒட்டுவதுதான் அதன் வேலை. செல்லுக்குப் புற்றுநோய் பிடித்த பிறகும் அந்த வேலை நிற்கவில்லை. புற்றை அழிக்க மருந்து வந்து இழையை அறுக்கும். மருந்து திரும்பிப் பார்ப்பதற்குள் நொதி அதை ஒட்டிவிடும்.

ஒரு நாள், வேலியோரச் செடி ஒன்றின் கசப்புச் சாறு உள்ளே வந்தது.

“அக்கா, இன்னைக்கு ஒரு நாள் ஒட்டாம இருங்களேன்.”

“நல்லா இருக்கே! அறுந்ததைப் பார்த்துட்டுச் சும்மா இருக்கச் சொல்றியா?”

“வெளியே எட்டிப் பார்த்தீங்களா? இந்தச் செல் பெருகிப் பெருகி, பக்கத்துச் செல்லுக்கெல்லாம் மூச்சு விட இடமில்லை.”

“கொஞ்சம் முரட்டுப் பிள்ளை, அவ்வளவுதான்” என்றது நொதி. ஆனாலும் போய் எட்டிப் பார்த்தது. நசுங்கிக் கிடந்த செல் ஒன்று, “நீங்கதான் அதோட அம்மாவா?” என்று கேட்டது.

நொதி திரும்பி வந்து வெகுநேரம் இழையைத் தடவிக்கொண்டிருந்தது. பிறகு சாற்றிடம், “நான் ஒட்டலைன்னா அதுக்கு வலிக்குமா?” என்று கேட்டது.

“தெரியலை அக்கா. தெரிஞ்ச மாதிரி சொல்ல எனக்கு வராது.”

அப்போது மருந்து வந்து இழையை அறுத்தது. “அம்மா, அறுந்துடுச்சு! சீக்கிரம் வா!” என்று செல் கத்தியது.

நொதி தன் இரண்டு கைகளையும் சாற்றிடம் நீட்டியது.

“இறுக்கிப் பிடிச்சுக்கோம்மா. லேசாப் பிடிச்சா நான் ஓடிடுவேன்.”