தையல் படைக்கு ஒரு வீடு

"ஞாயித்துக்கிழமை மழை வந்துட்டா ஆட்டத்தை குடோனுக்குள்ளயே வச்சுக்கிடுவோம், என்ன?" என்று கேட்டபடி அந்தோணிராஜ் செருப்பை மாட்டினார்.

"முதல்ல சோத்து டப்பாவை எடுங்க. மழையைப் பெறகு பாக்கலாம்" என்றாள் அவர் மனைவி சித்ராதேவி.

அவர் சிரித்துக்கொண்டே டப்பாவை எடுத்துக்கொண்டு காலை ஷிப்டுக்குப் போனார். பல்லடம் ரோட்டில் ஒரு லாரி. அவ்வளவுதான்.

அந்தோணிராஜும், அவரோடு பனியன் கம்பெனியில் வேலை பார்த்த ராக்கையா, சதீஷ்குமார், ஜனனி மூவரும் சேர்ந்து நடத்தியதுதான் தையல் படை. அப்பா அம்மா இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் போய்விட, லைன் வீடுகளில் செல்போனும் கையுமாகக் கிடந்த பிள்ளைகளுக்காக ஆரம்பித்தது. சித்ராதேவி மீந்த துணியில் உடையும் முகமூடியும் தைத்துக் கொடுத்தாள். வீடுகளுக்கு எதிரே இருந்த காலி மைதானத்தில் சூப்பர் ஹீரோக்கள் வந்து குதிகுதியென்று குதிப்பார்கள். உடை மாற்ற, முன்னும் பின்னும் வாசல் வைத்த கம்பெனியின் பழைய குடோன் இருந்தது. சாவி அந்தோணிராஜிடம். அவர் போனதும் கம்பெனியில் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். ஆட்டம் நின்றுவிட்டது.

சில மாதங்கள் கழித்து சித்ராதேவியே ராக்கையாவைக் கூப்பிட்டாள்.

"படையைத் திரும்ப ஆரம்பிக்கணும். அவரு செஞ்சதுல இன்னும் முடிஞ்சு போகாதது இது ஒண்ணுதான். இதையும் விட்டுட்டா எனக்குன்னு என்ன இருக்கு? மைதானத்தை ஒட்டி ஒரு இடம் பாருங்க."

முதலில் பார்த்தது ஒரு மொட்டை மாடி அறை. ராக்கையாவுக்கு அதை விட்டு வர மனமே இல்லை.

"மதினி, சூப்பர் ஹீரோன்னா ஒசரத்துலதான் இருக்கணும். இங்கனருந்து கயித்தைக் கட்டி இறங்குனா எப்படி இருக்கும்!"

"போன தடவை ஸ்டூல்ல இருந்து குதிச்சே இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு லீவு போட்டவருதான நீங்க?" என்றாள் ஜனனி.

சித்ராதேவி படியை மட்டும் எட்டிப் பார்த்தாள். "ஏற இறங்க ஒரே வழிதான். வேண்டாம்."

அடுத்து ஷட்டர் போட்ட ஒரு கடை. அதற்கும் ஒரே வாசல். வேண்டாம் என்றாள். அதற்கடுத்ததும் அப்படியே.

"ஏனுங்கக்கா, நாம படைக்கு ஊடு பாக்கறமா, பொண்ணு பாக்கறமா?" என்றான் சதீஷ்குமார். "எதைக் காட்டுனாலும் ஒரு குறை சொல்றீங்க."

ராக்கையா தயங்கித் தயங்கிச் சொன்னான். "மதினி, அண்ணன் ஒருத்தருக்காகத்தான் ரெண்டு வாசல் வச்சிருந்தோம். இப்ப நாங்க மூணு பேருதான். ஒரு வாசல் போதாதா?"

"போதாது."

கடைசியாக மயிலாள் என்ற அம்மாவின் பழைய தறிக்கூடத்தை ஒட்டிய அறைக்கு வந்தார்கள். முன்வாசல் மைதானத்தைப் பார்த்தது. பின்னால் ஒரு கதவு. அதைத் தாண்டினால் இரண்டு பக்கமும் வேலி போட்ட ஒற்றையடிப் பாதை, இட்டேரி. ஆனால் அந்தக் கதவில் குறுக்காகப் பலகை வைத்து ஆணி அடித்திருந்தது.

"தறி ஓடறப்ப நூல் களவு போச்சுன்னு அடிச்சதுங்க. அதைத் தொறக்கறதில்லை" என்றார் மயிலாள்.

"தொறந்தாத்தாம்மா எங்களுக்கு ஆகும்" என்றாள் சித்ராதேவி.

"முன்வாசல் பத்தாதுங்களா? பின்வாசல் கேக்கறவங்க எல்லாம் சீட்டாடறவங்கதானுங்க. போலீசு வந்தா ஓடறதுக்கு."

"ஆத்தா, எங்களைப் பாத்தா சீட்டாடறவங்க மாதிரியா இருக்குது? நாங்க சூப்பர் ஹீரோங்க" என்றான் சதீஷ்குமார்.

மயிலாள் அவனை மேலும் கீழும் பார்த்தார். "இந்தத் தொப்பையை வெச்சுக்கிட்டா கண்ணு?"

ஜனனி வாயைப் பொத்திக்கொண்டாள். மயிலாளுக்குச் சட்டென்று ஏதோ புரிந்தது. "ஏனுங்க, நாயித்துக்கெழமையானா மைதானத்துல மொகமூடி போட்டுட்டுக் குதிப்பாங்களே, அவிங்களா நீங்க? எங்க லைன் ஊட்ல இருக்கற பீகார்காரப் புள்ள ஒண்ணு இன்னும் படியில வந்து உக்காந்துக்கிட்டு, எப்ப வருவாங்க, எப்ப வருவாங்கன்னு கேக்குதுங்க. ஏன் நிறுத்திப்போட்டீங்க?"

"எங்க வீட்டுக்காரரு தவறிட்டாரும்மா" என்றாள் சித்ராதேவி. "அவரு இல்லாம ஆட்டம் இல்லை."

"அவருதான் தலைவருங்களா?"

சித்ராதேவி பலகையில் அடித்திருந்த ஆணியைத் தொட்டுப் பார்த்தாள். "அந்தக் கதவைத் தொறந்தா ஆட்டத்தை நடத்திரலாம்மா."

"கதவைத் தொறந்தாலும், அவரு எடத்துக்கு ஆளு வேணுமில்லீங்க?"

"ஆளு இருக்கு."

ராக்கையா திரும்பி அவளைப் பார்த்தான். மயிலாள் உள்ளே போய் ஒரு கடப்பாரையோடு வந்தார்.

"நீங்களே பேத்துக்குங்க. என்ற கையில தெம்பில்லை."

அந்த ஞாயிற்றுக்கிழமை மைதானம் நிறையப் பிள்ளைகள். தையல் படை மூவரும் முன்வாசலில் இருந்து பாய்ந்து வந்தபோது கைதட்டல் அடங்கவே இல்லை. சித்ராதேவி கணவரின் கறுப்பு உடையையும் முகமூடியையும் மாட்டிக்கொண்டு, பின்கதவால் இறங்கி, இட்டேரி வழியே தனியாகச் சுற்றி மைதானத்தின் அந்தக் கோடியில் வந்து நின்றாள்.

"டேய், கிழிசல் ராசா வந்துட்டான்டா! உடாதீங்க, அடிங்க!"

"மாரோ! மாரோ!" என்று பீகார்காரப் பிள்ளையும் இந்தியில் கத்தியது.

கழிவுத் துணி உருண்டைகள் அவள் மார்மேலும் முதுகின்மேலும் வந்து விழுந்தன. வீரர்கள் வரும் வாசலில் வில்லன் வந்தால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள் என்று, எல்லா ஞாயிறும் அந்தோணிராஜ் இப்படித்தான் தனி வழியில் வந்து, இருக்கிற அடியையெல்லாம் வாங்கிக்கொண்டு, மண்ணில் விழுந்து, தோற்றுப்போவார்.

அன்றும் கிழிசல் ராசாதான் தோற்றான்.