நிற்காமல் அறுபது படி

முதல் மாடித் திருப்பத்தில் அவர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார்.

வார் சரியாகத்தான் இருந்தது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பயண அலுவலகம் மூன்றாவது மாடியில். லிஃப்ட் உண்டு. ஆனால் மலைப் பயணத்துக்குப் பெயர் கொடுக்க வருகிறவர்கள் அதில் ஏறக் கூடாது. ஐம்பத்தைந்து வயது தாண்டியவர்கள் அறுபது படிகளையும் நிற்காமல், இரண்டு நிமிடத்துக்குள் ஏறிக் காட்டினால்தான் தகுதிச் சீட்டு. போன வருடம் ஒருவரைப் பாதி மலையிலிருந்து தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியதாகிவிட்டதாம்.

மேலே அலுவலகப் பெண் கைபேசியில் நேரத்தை ஓடவிட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் அவருக்குத் தெரியாமல், வேண்டாமென்று தலையை ஆட்டினேன். நல்ல பெண். வாயை மூடிக்கொண்டாள், செருப்புக்காக நின்றதையும் பெரிதுபடுத்தவில்லை.

கல்யாணமான புதிதில் நாட்காட்டியிலிருந்து ஒரு மலைப் படத்தை வெட்டி, என் தையல் மிஷினுக்கு எதிரே ஒட்டினேன். மேகமெல்லாம் கீழே கிடக்கும். உச்சியில் ஒரு பெஞ்சு மட்டும் இருக்கும். அதில் ஒரு நாள் உட்கார வேண்டும் என்றேன். ரிட்டயர் ஆனதும் போகலாம் என்றார். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது.

அவருக்குக் குடிநீர் வால்வு திறக்கிற வேலை. இரும்புச் சாவியை எடுத்துக்கொண்டு விடியற்காலையில் கிளம்பிவிடுவார். தான் ஒரு நாள் லீவு போட்டால் மூன்று தெரு நாறிப்போகும் என்பார். என் தங்கை கல்யாணத்தன்றுகூட வால்வைத் திறந்துவிட்டுத்தான் வந்தார், அதுவும் சாப்பாட்டு நேரத்துக்கு.

மலையைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம், அது எங்கே ஓடிவிடப் போகிறது என்பார். நானும் சிரிப்பேன். முதல் பத்து வருடம் நிஜமாகவே சிரிப்பு வந்தது.

ரிட்டயர் ஆன மறுநாள் குழாயில் தண்ணீர் அதே ஐந்தரைக்கு வந்தது. அவர் பல்கூடத் துலக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். குடம் நிரம்பி வழிந்தது. நான்தான் போய் மூடினேன்.

இரண்டாவது மாடியில் ஒரு பல் மருத்துவரின் பலகை. அதன் முன்னால் நின்று படிக்க ஆரம்பித்தார். மருத்துவர் பெயர், படிப்பு, பார்க்கும் நேரம், ஞாயிறு விடுமுறை. செய்தித்தாளைக்கூட அவர் அவ்வளவு அக்கறையாகப் படித்து நான் பார்த்ததில்லை.

படித்து முடித்த பிறகும் நகரவில்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உதடு வெளுத்துப்போயிருந்தது. கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

இன்னும் இருபது படி.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. ஏறச் சொல்லிவிடுவேனோ என்ற பயம். எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. முப்பது வயதில் என்னைப் பின்னால் உட்காரவைத்து மேம்பாலம் முழுக்க சைக்கிள் மிதித்த மனுஷன். வழியெல்லாம் பேசிக்கொண்டே மிதிப்பார். அந்த மூச்சையெல்லாம் எந்தத் தெருவில் விட்டுவிட்டு வந்தீர்கள் என்று கேட்கத் தோன்றியது. கேட்டு என்ன ஆகப் போகிறது.

நான் படியிலேயே உட்கார்ந்தேன்.

“என்னால முடியலைங்க. முட்டி பிடிச்சுக்கிச்சு. எறங்கிடலாம்.”

அவர் முகத்துக்கு உயிர் திரும்பியது. உடனே திட்டவும் ஆரம்பித்தார். ராத்திரி பகல் பார்க்காமல் மிஷின் மிதிக்காதே என்று எத்தனை தடவை சொன்னேன், கேட்டால்தானே என்றார். மேலே பார்த்து, அவளுக்கு முட்டி சரியில்லை, அடுத்த தடவை பார்த்துக்கொள்கிறோம் என்றார்.

அலுவலகப் பெண் அவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். படிக்குப் படி, பார்த்து, பார்த்து என்றார். நானும் மறக்காமல் நொண்டினேன். எந்தக் கால் என்று சொல்லாமல் விட்டது பாதி வழியில்தான் உறைத்தது. வலது கால் என்று முடிவுசெய்துகொண்டேன்.

கீழே காவலாளியிடமும் நின்று விவரம் சொன்னார். சாயங்காலத்துக்குள் மகளுக்குச் சொல்லிவிடுவார். நாளைக்கு என் தங்கைக்கு. இனி யார் மலைப் பேச்சை எடுத்தாலும் பழி என் முட்டிமேல்தான் விழும். விழட்டும்.

வாசல் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். வெகுநேரம் வாங்கினார். பிறகு என் முழங்காலைத் தட்டிக்கொடுத்தார்.

“மருந்து போட்டுச் சரி பண்ணிட்டுப் போவோம். மலை எங்க ஓடிப்போயிடப் போகுது?”

தண்ணீர் கேட்டார். பைக்குள் கையை விட்டேன். பாட்டிலுக்கு அடியில், நான்காக மடித்த மஞ்சள் சீட்டு விரலில் பட்டது.

போன புதன்கிழமை, நூல் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு நான் மட்டும் வந்து வாங்கிய சீட்டு. அறுபது படி, ஒரு நிமிடம் ஐந்து வினாடி. ‘தகுதி’ என்று எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தாள் அந்தப் பெண். என்னால் எங்கள் பயணம் கெட்டுவிடக் கூடாதே என்றுதான் முன்கூட்டியே ஏறிப் பார்த்தேன்.

சீட்டை அடியிலேயே விட்டுவிட்டுப் பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். மூடியைத் திருகிப் பார்த்தார். முடியவில்லை.

நான் வாங்கித் திறந்து கொடுத்தேன்.