மரத்துக்கும் பொந்துக்கும் நடுவே ஒரு நூல்

குரங்கும் முள்ளம்பன்றியும் வியாபாரம் செய்துவந்தன. குரங்கு அத்திப்பழங்களைப் பறித்து மரத்தடியில் போடும். முள்ளம்பன்றி அவற்றை எடுத்துக்கொண்டு, தான் தோண்டிய கிழங்குகளை அங்கே வைத்துவிட்டுப் போகும்.

ஒருநாள் முள்ளம்பன்றி கிழங்கு வைப்பதை நிறுத்திவிட்டது. குரங்கு காரணம் கேட்கப் பொந்துக்கே போனது. ஆனால் போன மூன்று தடவையும் பேச்சு தொடங்குவதற்குள் குரங்கு சீறியது, முள்ளம்பன்றிக்கு முள் சிலிர்த்துக்கொண்டது. வீட்டில் குரங்குக் குட்டிகள் கிழங்கு கேட்டு அழுதன.

இதைப் பார்த்த சிலந்தி, மர உச்சியிலிருந்து பொந்து வரைக்கும் ஒரு நூலை இழுத்துக் கட்டியது.

"அவங்கவங்க இடத்துலயே இருந்து நூல்ல பேசுங்க. நடுவுல நான் இருக்கேன்," என்றது.

"அழுகின பழமாப் போட்டு ஏமாத்துறான்," என்றது முள்ளம்பன்றி.

"பறிச்ச கையோட போடறேன். எல்லாம் நல்ல பழம்," என்றது குரங்கு.

சிலந்திக்கு இரண்டுமே உண்மை போலப் பட்டது. "எப்பப் போடுவீங்க?" என்று குரங்கிடம் கேட்டது.

"விடிஞ்சதும்."

"நீங்க எப்ப எடுப்பீங்க?" என்று முள்ளம்பன்றியிடம் கேட்டது.

"பொழுது சாஞ்சப்புறம்தான் நான் வெளிய வருவேன்."

குரங்கு மெதுவாக, "பகல் பூரா வெயில்லயா கிடந்துச்சு?" என்றது.

அன்று முதல் குரங்கு சாயங்காலத்தில் பழம் போட்டது. கிழங்கும் வந்தது.

அழுகிய பழம் இல்லாததால் மரத்தடியில் ஈக்கள் குறைந்தன. சிலந்தியின் வலை காலியாகக் கிடந்தது.

"இப்படி ஆகும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று குரங்கு கேட்டது.

"தெரியும்," என்றது சிலந்தி.

பக்கத்து மரத்தில் அணிலும் மைனாவும் சண்டை போடும் சத்தம் கேட்டது. சிலந்தி அந்தப் பக்கம் நூலை நீட்டியது.