சும்மா இருக்கும் பேட்டரி

வீட்டு முகப்பில் நிற்கும், உள்ளேயே படுத்துறங்கும் வசதியுள்ள சுற்றுலா வண்டியின் பக்கக் கதவைத் திறந்துவைத்து, வெர்லின் மண்டியிட்டிருக்கிறார். பேட்டரி முனைகளில் பூத்திருந்த வெள்ளை உப்பைச் சமையல் சோடாவால் தேய்த்துக் கழுவியாயிற்று. முனையில் மாட்டிய மீட்டர் பன்னிரண்டே முக்கால் வோல்ட் காட்டுகிறது. "பாத்தியா ஆர்லீன், சார்ஜ் முழுசா இருக்கு! நாளைக்கே ஏரிக்குப் போறோம்." சிறிய சிலிண்டரிலிருந்து மூக்குக்குக் குழாய் ஓட, மடக்கு நாற்காலியில் இருக்கும் அவர் மனைவி சிரிக்கிறார். "மொதல்ல என் மிஷின போட்டுப் பாரு, கிழவா." வெர்லின் ராத்திரிக்கான ஆக்ஸிஜன் மிஷினை வண்டியில் செருகுகிறார். அது இரண்டு தடவை பெருமூச்சு விட்டு, கீச்சிட்டு அணைகிறது. மீட்டரில் பத்து. பிளக்கைப் பிடுங்கியதும் எண் மெல்ல மேலே ஊர்கிறது. "ஏறுது பாரு, மறுபடி ஏறுது," என்று மீட்டரின் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருக்கிறார். "சும்மா உக்காந்திருந்தா நானும் நல்லாத்தான் இருக்கேன், வெர்லின்," என்கிறார் ஆர்லீன்.