மன்னார்க் கடலில் ஒரு வள்ளம்

2006 நவம்பர். குளிர்நாட்டு நகரான கர்க்லாண்டில் மூன்று மணிக்கே வெளிச்சம் மங்குகிறது. எண்பது வயது கொமாண்டர் குமாரகுலசிங்கம் யன்னலோரம் நிமிர்ந்து நிற்கிறார். அவரைப் பராமரிக்க வரும் அஞ்சலீனா அவரது நீலக் கோட்டின் பித்தளைப் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டிருக்கிறாள். முதலியார் குடும்பத்துப் பிள்ளை அவர்; அந்தக் காலத்திலேயே சொந்தக் காரில் பள்ளிக்கூடம் போனவர், இங்கிலாந்தில் பயின்று இலங்கைக் கடற்படையில் கப்பல் நடத்தியவர். இன்று மாலை ஊர்ச் சங்கம் அவருக்குப் பொன்னாடை போர்த்துகிறது. வாசலில் மகன் காரைச் சூடாக்கும் உறுமல் கேட்கிறது.

“அறுபத்திரண்டில மன்னார்க் கடலில ஒரு வள்ளத்தைத் திருப்பி அனுப்பினனான், பிள்ளை,” என்கிறார் திடீரென்று. “இந்தியாவில இருந்து களவாய் வந்த சனம். பதினொரு பேர். சரியான காத்து. ஒரு மனுசி கும்பிட்டு அழுதவ. எனக்குக் கட்டளை இருந்தது.” அஞ்சலீனாவின் விரல்கள் நின்றுவிடுகின்றன. அவளுக்கு ஊரே மன்னார்தான். போர்க்காலத்தில் இராமேஸ்வரத்துக்கு வள்ளம் ஏறிய அவளுடைய அண்ணன் றெனோல்ட் போய்ச் சேர்ந்த சேதி இன்றுவரை வரவில்லை.

“அவை கரை சேர்ந்தவையோ, ஐயா?”

“தெரியாது. நான் விசாரிக்கேல்லை. அந்த வருசம்தான் எனக்குப் பதவி உயர்ந்தது.” அவர் கோட்டின் கொலரை இழுத்துவிடுகிறார். “இண்டைக்கு மேடையில இதைத்தான் கதைக்கப்போறன்.”

அவள் கடைசிப் பொத்தானையும் பூட்டிவிட்டு அவர் முகத்தைப் பார்க்கிறாள்.

“நானும் வாறன்,” என்கிறாள். “முன்வரிசையில இருந்து கேப்பன். பாதியில நிப்பாட்டக்கூடாது, ஐயா.”